வேல்ஸ் கைவினை உணவுகள்: ஒரு சுவை மாலையில் எதை, எப்படிச் சாப்பிடுவது?

கார்டிஃப் நகர உணவகம் ஒன்று, வேல்ஸின் சிறு உற்பத்தியாளர்களை ஒரே மாலையில் அழைத்து, அவர்களுடைய சீஸ், கடலுப்பு, கடற்பாசி, மட்டி, ஆட்டிறைச்சி ஆகியவற்றைச் சிறு தட்டுகளாகப் பரிமாறும் நிகழ்ச்சிக்கு நீங்களும் உங்கள் மனைவியும் செல்லவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்த வரிசையில் சுவைப்பது, அழைப்பிதழில் 'உள்ளூர்ப் பொருட்கள்' என்று அச்சிட்டிருப்பதை எந்த அளவுக்கு நம்புவது, இறைச்சியும் மீனும் உண்ணாத உங்கள் மனைவிக்கு அங்கே என்ன கிடைக்கும், வீட்டுக்கு எதை வாங்கி வரலாம் என்பவை உங்கள் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு பரிந்துரை. சமையல்காரர் அலங்கரித்துத் தரும் தட்டை எடுப்பதற்கு முன்னால், அதில் சேர்ந்திருக்கும் மூலப்பொருளை மட்டும், எதுவும் கலக்காமல், ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சுவையுங்கள். அதைச் செய்தவரே பக்கத்தில் நிற்பதுதான் இத்தகைய மாலையின் சிறப்பு. வழக்கமான இரவுணவில் அந்த வாய்ப்பு கிடையாது. ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர், சீஸின் மேல் பீட்ரூட் கூழும் அதன் மேல் புகையூட்டிய எண்ணெயும் சொட்டிய தட்டுகளையே வரிசையாகச் சாப்பிட்டுவிட்டு, சமையல்காரரின் கைத்திறனைப் பாராட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்தச் சீஸ் எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டால் பதில் வராது. முதலில் மூலப்பொருள், பிறகு தட்டு என்று வைத்துக்கொண்டால், சமையல் அந்தப் பொருளுக்கு ஏதேனும் கூட்டியதா, அல்லது மறைத்துவிட்டதா என்பதை நீங்களே தீர்மானிக்க முடியும்.

இனி, 'உள்ளூர்' என்ற அறிவிப்பைப் பற்றி. பிரிட்டனில் 'உள்ளூர்' என்பதற்கும் 'கைவினை' என்பதற்கும் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தம் பொருளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, உள்ளூர்ப் பொருள் என்பதும் வேல்ஸ் பொருள் என்பதும் கார்டிஃபில் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடியவை. வடமேற்கு மூலையிலுள்ள ஆங்கில்சி தீவின் உப்பு, மலைகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 200 மைல் பயணம் செய்துதான் கார்டிஃபை அடைகிறது. ஆனால் பிரிஸ்டல் கால்வாய்க்கு அப்பால் இருக்கும் இங்கிலாந்தின் சாமர்செட் கரையோ, வானம் தெளிவாக இருக்கும் நாளில் கார்டிஃபை அடுத்த பெனார்த் கடற்கரையிலிருந்து கண்ணுக்கே தெரியும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கொர்வித் கேர்ஃபில்லி என்ற சீஸ். 1996 இல் கெரெடிகியன் மாவட்டத்தின் கொர்வித் பண்ணையில் ட்ரெதோவன் குடும்பத்தினர் தொடங்கிய தயாரிப்பு அது. பண்ணையின் பெயரே சீஸின் பெயராயிற்று. நல்ல பால் கிடைக்கும் பண்ணையை ஒட்டியே பட்டறை இருக்க வேண்டும் என்று 2014 இல் அவர்கள் சாமர்செட்டிலுள்ள பக்ஸ்டன் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள். பெயர் வேல்ஸ் மொழியில் இருக்கிறது, செய்முறை வேல்ஸ் சார்ந்தது, ஆனால் செய்யப்படும் இடம் இங்கிலாந்து. அதனால் சுவை குறைந்துவிட்டதா என்றால், என் கணிப்பில் சற்றும் குறையவில்லை. அந்தச் சீஸை வேல்ஸ் மாலையின் மேசையில் கண்டால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த கதையை உணவகத்தார் மறைக்காமல் சொல்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

உறுதியான பிடிமானம் வேண்டுமானால் புவிசார் குறியீட்டைப் பாருங்கள். இங்கே அது இரு வகைப்படும். ஒன்றில் மூலப்பொருள், உற்பத்தி, பதப்படுத்தல் ஆகிய எல்லாமே குறிப்பிட்ட இடத்திலேயே நடக்க வேண்டும். மற்றொன்றில் ஏதேனும் ஒரு கட்டமாவது அங்கே நடந்தால் போதும். ஆங்கில்சி கடலுப்பு, கான்வி மசல் சிப்பி, வேல்ஸ் லேவர்பிரெட் என்ற கடற்பாசி விழுது, கௌவர் உப்புச் சதுப்பு ஆட்டிறைச்சி ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. மரபான வேல்ஸ் கேர்ஃபில்லி சீஸ், கார்மார்த்தன் ஹாம், பெம்ப்ரோக்‌ஷயரின் இளம் உருளைக்கிழங்கு ஆகியவை இரண்டாம் வகை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு பிரிட்டன் தனக்கென வகுத்துக்கொண்ட திட்டத்தில் முதன்முதலாகப் பதிவான பொருள் கௌவர் ஆட்டிறைச்சிதான்; ஆண்டு 2021.

முத்திரையைக் காட்டிலும் எளிய சோதனை நாட்காட்டி. கௌவர் உப்புச் சதுப்பு ஆட்டிறைச்சி ஜூன் முதல் டிசம்பர் வரைதான் சந்தைக்கு வரும். பெம்ப்ரோக்‌ஷயர் இளம் உருளைக்கிழங்கு மே முதல் ஜூலை வரை. கான்வியின் மசல் சிப்பியைச் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை அள்ளுவார்கள். ஆகவே இந்த மூன்றும் ஒரே தட்டில், ஒரே மாலையில் 'இன்று காலை வந்தது' என்ற அறிவிப்போடு உங்கள் முன் வந்தால், அவற்றில் ஒன்றாவது உறைபெட்டியிலிருந்து வந்தது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். வேல்ஸ் உணவு மாலைகள் பலவும் வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் நாளாகிய மார்ச் 1 ஐ ஒட்டியே நடத்தப்படுகின்றன. உண்மையில் அந்தப் பருவத்தில் வயலும் மேய்ச்சல் நிலமும் தருவது மிகக் குறைவு. வெங்காயக் குடும்பத்துக் காய்கறியான லீக் இருக்கும், கடற்பாசி இருக்கும், மசல் இருக்கும், முதிர்ந்த சீஸ் இருக்கும். அவற்றை மட்டும் நம்பி உணவுப் பட்டியலை வகுக்கும் சமையல்காரரைக் கண்டால் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இந்த மாலையில் நீங்கள் மறக்கக்கூடாத நிலப்பகுதி ஒன்று உண்டென்றால் அது ஸ்வான்சிக்கு மேற்கே இருக்கும் கௌவர் தீபகற்பம். 1956 இல் பிரிட்டனிலேயே முதன்முதலாக 'சிறப்பான இயற்கை எழில் பகுதி' என்று அறிவிக்கப்பட்டது அது. அதன் வடகரையில் லௌகர் ஆற்றின் கழிமுகம் அகன்று விரிந்து, அலை வற்றும்போது மைல் கணக்கில் மணல் திட்டாகவும், அலை ஏறும்போது கடலாகவும் மாறிக்கொண்டிருக்கும். மணலிலிருந்து மட்டியும், கரையோரச் சதுப்பிலிருந்து ஆட்டிறைச்சியும் கிடைக்கின்றன. அங்குள்ள பென்க்ளாவ்த், க்ராஃப்டி ஆகிய ஊர்களின் பட்டறைகளிலிருந்து லேவர்பிரெட் வருகிறது.

லேவர்பிரெட் என்ற பெயரைக் கேட்டு ரொட்டியை எதிர்பார்க்காதீர்கள். போர்ஃபைரா வகையைச் சேர்ந்த கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்து அரைத்த, கரும்பச்சை நிறமான விழுது அது. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இந்தப் பாசி ஈரமான பிளாஸ்டிக் தாள் போலப் பளபளக்கும்; அதன் தடிமன் ஒற்றைச் செல் அளவுதான். அலை வற்றிய நேரத்தில் கையால் பறித்து, பாறை இடுக்குகளில் சேர்ந்த மணல் போகும்வரை பல தண்ணீர் மாற்றி அலசுவார்கள். உண்மையில் வேலை முழுவதும் அந்த அலசலில்தான் இருக்கிறது, ஏனென்றால் ஒரு துகள் மணல் பல்லில் பட்டால்கூட அந்தத் தொகுதி முழுவதும் பாழ். அதன் பிறகே பல மணி நேர வேக்காடு. அந்தச் சமயத்தில் பட்டறையில் எழும் மணம், கடலோரக் காற்றும் வெந்த கீரையும் கலந்தது போன்றது, எல்லாருக்கும் பிடித்துவிடாது.

பெம்ப்ரோக்‌ஷயரின் ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் கடற்கரையில், பறித்த பாசியை உலர்த்திவைக்க ஒதுங்கு மரங்களால் சட்டமிட்டு, மணல்மேட்டுப் புல்லால் வேய்ந்த குடிசைகள் முன்பு வரிசையாக இருந்தன. அங்கிருந்து அது ரயிலேறி ஸ்வான்சிக்குச் சென்றது. அவற்றில் ஒன்றைப் புதுப்பித்து இன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேல்ஸ் கரையில் பாசி குறைந்த காலங்களில் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் தருவித்து வேகவைத்ததும் உண்டு. அதனால்தான் 2017 இல் கிடைத்த புவிசார் பாதுகாப்புக்குப் பொருள் இருக்கிறது. ஜப்பானியர் சுஷியைச் சுற்றும் நோரியும் இதே குடும்பத்துப் பாசிதான். அதன் வாழ்க்கைச் சுழற்சியின் மறைந்திருந்த கட்டத்தை, சிப்பி ஓட்டுக்குள் வளரும் நுண்ணிய நிலையை, 1949 இல் கண்டறிந்து வெளியிட்டவர் பிரிட்டிஷ் பாசியியலாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர். ஜப்பானில் நோரி வளர்ப்பு நிச்சயமான தொழிலாக நிலைபெற்றது அந்தக் கண்டுபிடிப்பால்தான். குமமோத்தோ மாவட்டத்தின் உட்டோ நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர் ஜப்பானுக்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை.

சுவைக்கும் முறைக்கு வருவோம். கரண்டி நுனியில் சிறிதளவு எடுத்து, வெதுவெதுப்பான நிலையில் நாக்கில் வையுங்கள். முதலில் உப்பும் அயோடின் வாடையும் முன்வரும். சில நொடிகள் பொறுத்தால் ஆலிவ் காயை நினைவூட்டும் கசப்பும், இறைச்சிச் சாற்றில் இருப்பது போன்ற ஆழமான சுவையும் தங்கும். அதன் பிறகு அதே விழுதை ஓட்ஸ் மாவில் புரட்டி வறுத்த வடிவில் எடுங்கள். பன்றிக் கொழுப்பில் வறுத்து மட்டியோடு சேர்த்துக் காலையுணவாக உண்பது தென்வேல்ஸ் வழக்கம். ஆட்டிறைச்சியோடு பரிமாறும்போது ஆரஞ்சுச் சாறு பிழிந்து சாஸாகச் செய்வதும் பழைய முறைதான். விழுதைக் குளிர்ந்த நிலையில், வெறும் அலங்காரப் பொட்டாகத் தட்டின் ஓரத்தில் வைக்கும் உணவகங்கள், அது மக்களுக்குப் பிடிக்காமல் போவதற்குத் தாங்களே காரணமாகிறார்கள் என்பது என் கருத்து.

மட்டியை அள்ளும் முறை இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். மணலை வாருகோலால் கீறி, சல்லடையில் இட்டு அசைத்தால் சிறியவை கீழே விழுந்து மீண்டும் வளரும். பெரியவை மட்டும் மூட்டைக்குப் போகும். பென்க்ளாவ்த் பெண்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு அலை வற்றிய மணல்வெளியில் மைல்கணக்காக நடந்து மட்டி சேகரித்த காலத்தின் புகைப்படங்கள் ஏராளமாக உள்ளன. இப்போது உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அள்ள முடியும். ஸ்வான்சி சந்தையில் இதை வேகவைத்து, வினிகரும் வெள்ளை மிளகுத்தூளும் தூவி விற்பார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மேலான தயாரிப்பு எந்த உணவகத்திலும் இல்லை.

அதே கழிமுகத்தின் கரையில், அலை மிக உயர்ந்து ஏறும் நாட்களில் கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்புப் புல்வெளியில், ஆடுகள் உப்புப்பூண்டு, கடல் லாவெண்டர், புளிச்சுவைக் கீரைகள் போன்றவற்றை மேய்கின்றன. புவிசார் விதிப்படி அவை தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்தச் சதுப்பிலேயே மேய்ந்திருக்க வேண்டும். இறைச்சி உப்புக் கரிக்கும் என்ற எண்ணத்தோடு பலர் வாயில் வைக்கிறார்கள். அப்படி எதுவும் இருக்காது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கொழுப்புள்ள ஓரத்தைச் சூடாக இருக்கும்போதே தனியாகக் கடித்துப் பாருங்கள். அந்தக் கொழுப்பில் ஒரு மெல்லிய இனிப்பு இருக்கும். வாயில் பிசுபிசுப்பாக ஒட்டாது. சாஸ் ஊற்றிய துண்டில் இதைக் காண முடியாது.

அடுத்தது சீஸ். மேசையில் சீஸ் வகைகள் எத்தனை இருந்தாலும் நேரத்தைக் கேர்ஃபில்லிக்கே கொடுக்கலாம். 1830 வாக்கில் கேர்ஃபில்லி ஊரைச் சுற்றிய பகுதியில் தோன்றி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மதிய உணவாகப் பெயர் பெற்ற சீஸ் இது. வியர்வையில் இழந்த உப்பை அது ஈடுகட்டியது என்பார்கள். உப்புநீரில் ஊறவைத்து, சில நாட்களிலேயே விற்றுவிடலாம் என்பதால், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய செடாரைச் செய்துவந்த சாமர்செட் பண்ணைகளும் கைக்காசுக்காக இதைச் செய்யத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரின்போது, பங்கீட்டுக்கு ஏற்றபடி நாள்பட நிற்கும் செடார் வகைக்கே பாலைத் திருப்ப வேண்டும் என்று உணவு அமைச்சகம் உத்தரவிட்டபோது கேர்ஃபில்லி தயாரிப்பு நின்றுபோனது. போருக்குப் பிறகு பெருந்தொழிற்சாலைகளில் வந்த வெண்ணிறமான, புளித்த, சுண்ணாம்பு போன்ற கட்டிகளைத்தான் இரண்டு மூன்று தலைமுறையினர் கேர்ஃபில்லி என்று நம்பிச் சாப்பிட்டார்கள்.

பண்ணைச் சீஸ் வேல்ஸுக்குத் திரும்பியதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1984 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஒவ்வொரு பண்ணையும் விற்கக்கூடிய பாலுக்கு உச்சவரம்பு விதித்தது. விற்க முடியாத பாலை என்ன செய்வது என்று திகைத்த சில குடும்பங்கள், பாட்டிமார் செய்த சீஸைச் சமையலறையில் மீண்டும் செய்து பார்த்தன. கார்மார்த்தன்ஷயரின் எல்லையில் 1987 இல் தொடங்கிய காவ்ஸ் கெனார்த் என்ற சீஸ் பட்டறை அவ்வாறு பிறந்ததுதான். அவர்களுடைய நீலப்பூஞ்சைச் சீஸான பெர்ல் லாஸை இன்று வேல்ஸின் எந்த நல்ல உணவகத்திலும் காணலாம். வேறு திசையிலிருந்து வந்தவர்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து வந்து கெரெடிகியனில் குடியேறியவர்கள், அங்கே காய்ச்சாத பாலில் கௌடா முறையில் டைவி சீஸைச் செய்யத் தொடங்கினார்கள். லாம்பீட்டர் அருகே, 1970களிலிருந்தே இயற்கை வேளாண்மை செய்துவரும் பண்ணை ஒன்றில், அயர்ஷயர் மாடுகளின் பாலில் ஹாவோட் என்ற செடார் வகை உருவாகிறது.

நன்கு முதிர்ந்த, துணியோ மெழுகோ சுற்றாமல் இயற்கைத் தோலோடு விட்ட கேர்ஃபில்லியின் ஒரு கீற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே சாம்பலும் பழுப்புமான, வெல்வெட் போன்ற பூஞ்சைத் தோல். அதற்குள் விரலகலத்துக்கு மஞ்சள் கலந்த, ஏறத்தாழ இளகிய ஒரு வளையம். நடுவில் உதிரும் தன்மையுள்ள வெண்பகுதி. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சுவைக்க வேண்டும். நடுப்பகுதியில் தயிரின் புளிப்பும் எலுமிச்சையின் கூர்மையும் இருக்கும். வளையத்தில் வெண்ணெயும் வெந்த லீக்கும் கலந்த சுவை. தோலில் காளானும் ஈரமண்ணும். பிறகு மூன்றும் சேர்ந்த ஒரு துண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தந்தால் நடுப்பகுதியின் புளிப்பு மட்டுமே தெரியும். கால் மணி நேரம் காத்திருந்து சாப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெனாய் நீரிணையின் கடல்நீரை எடுத்து, ஹாலென் மோன் என்ற பெயரில் ஆங்கில்சி உப்பைச் செய்யும் நிறுவனம், 1997 இல் ஒரு குடும்பம் வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரம் கடல்நீரைக் காய்ச்சிப் பார்த்ததிலிருந்து தொடங்கியது. கருவாலி மரப்புகை ஊட்டிய வகையைச் சாக்லெட்டில் தூவித் தருவார்கள், நன்றாகவே இருக்கும். அதன் படிகத்தை மட்டும் விரலால் நசுக்கிப் பாருங்கள். நொறுங்கும் ஓசையும் உடனே கரையும் தன்மையும்தான் அதன் விலைக்குக் காரணம். கொதிக்கும் குழம்பில் போடுவதற்காக அதை வாங்குவது வீண் செலவு.

மீனில் ஒரு எச்சரிக்கை. 'காட்டு வேல்ஸ் சால்மன்' என்று எங்கேனும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வேல்ஸ் ஆறுகளில் பிடிபடும் சால்மன் அனைத்தையும் உயிரோடு திரும்ப விட வேண்டும் என்பது 2020 முதல் விதி. 'வேல்ஸ் புகை சால்மன்' என்பது வேறு. வேறிடத்துப் பண்ணை மீனை வாங்கி வேல்ஸில் புகையூட்டியது என்று அதற்குப் பொருள். அது ஏமாற்று அல்ல, புகையூட்டுவதும் கைத்திறன்தான், ஆனால் மீன் உள்ளூர் அல்ல. உண்மையான உள்ளூர் ஆற்று மீன் சூவின் எனப்படும் கடல் ட்ரவுட். அதை டைவி, டவி ஆறுகளில் கொராக்கிள் என்ற வட்டத் தோணியில், இரண்டு தோணிகளுக்கு இடையே வலையைப் பிடித்துக்கொண்டு இரவில் மிதந்துசென்று பிடிப்பார்கள். ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோணியை விளக்க வேண்டியதில்லை. மூங்கிலுக்குப் பதில் வில்லோ, ஆஷ் மரங்களின் மெல்லிய சட்டங்கள், மேலே தார் பூசிய துணி, ஒரே ஆள் முதுகில் சுமந்துபோகும் அளவு. உரிமங்கள் மிகச் சில, பருவமும் குறுகியது. கோடையில் கிடைத்தால் விடாதீர்கள். வேறு மாதத்தில் அப்பெயரைக் கண்டால் எப்போது பிடித்தது என்று கேளுங்கள்.

வேல்ஸில் இவ்வளவு இருந்தும் இத்தகைய மாலைகள் ஏன் அண்மைக்கால வழக்கமாக இருக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றலாம். இது ஏழை நாட்டின் வீட்டுச் சமையல். ஓட்ஸ், உப்பிட்ட வெண்ணெய், பானையில் கொதித்த கவ்ல் சூப், கல்லில் சுட்ட ரொட்டி, இவையெல்லாம் காசு கொடுத்து உண்ணத் தக்கவை என்று நீண்ட காலம் யாரும் கருதவில்லை. விடுதிகளில் பிரெஞ்சுப் பெயருள்ள உணவுகளே மரியாதைக்குரியவையாக இருந்தன. அபர்கவென்னி அருகே வால்நட் ட்ரீ உணவகத்தை 1963 முதல் 2001 வரை நடத்தி, வேல்ஸ் கிராமப்புறத்தில் உலகத்தரமான உணவு சாத்தியம் என்று காட்டியவர் ஃபிராங்கோ தருஸ்கியோ என்ற இத்தாலியர் என்பது சற்று வேடிக்கையான உண்மை. மாட்டுப் பித்த நோய்ச் சிக்கலில் வேளாண்மை நொடித்திருந்த வேளையில், 1999 இல் அதே ஊரில் உணவுத் திருவிழா தொடங்கியது. உற்பத்தியாளரும் உண்பவரும் நேருக்கு நேர் சந்திக்கும் வழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் வேல்ஸில் முதன்முறையாக உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டியின் இரண்டு நட்சத்திரம் பெற்றது மகன்த்லெத் அருகிலுள்ள அனிஸ்ஹிர் உணவகம். அதன் சமையல்காரர் கேரத் வார்ட், உள்ளூர் என்ற கொள்கைக்குக் கட்டுப்படாமல் ஜப்பானியப் பொருட்களைத் தாராளமாகப் பயன்படுத்துபவர். மேலான உணவுக்கு அண்மை கட்டாயமில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் உங்கள் அழைப்பிதழ் உள்ளூர் என்ற பெயரில்தான் நுழைவுச் சீட்டு விற்கிறது. ஆகவே அந்த அளவுகோலால் அதை அளப்பது நியாயம். இதற்கு நான் கையாளும் கேள்வி ஒன்றுதான்: 'இந்தச் சீஸ் அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் வழக்கமான பட்டியலில் இருக்குமா?' சிறு உற்பத்தியாளருக்கு ஒரு மாலை விளம்பரத்தால் வயிறு நிறையாது. வாரந்தோறும் ஒரு முழுச் சக்கரம் வாங்கி, சொன்ன தேதியில் பணம் தரும் உணவகமே அவரை வாழவைக்கும். பரிமாறுபவர் இதற்குத் தடுமாறாமல் பதில் சொன்னால், அந்த உணவகத்துக்கு மீண்டும் செல்லுங்கள்.

உங்கள் மனைவிக்கு எது ஏற்றது என்பதில் கவனம் தேவை. கிளாமர்கன் சாசேஜ் பெயருக்கு மாறாக இறைச்சி இல்லாதது; கேர்ஃபில்லி, லீக், ரொட்டித்தூள், முட்டை சேர்த்து உருட்டிப் பொரித்தது. மீன் பொரித்த எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீஸைப் பொறுத்தவரை, பாலைத் திரிக்கும் ரென்னட் சிலரிடம் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாகவும், சிலரிடம் தாவர அல்லது நுண்ணுயிர் வழியிலானதாகவும் இருக்கும். செய்தவரே எதிரில் நிற்பதால் ஒரே கேள்வியில் தெளிவாகிவிடும். லேவர்பிரெட் பாசிதான் என்றாலும், வறுத்த கொழுப்பு எது என்று கேளுங்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியில் விழுதாகத் தரச் சொன்னால் சிக்கல் இல்லை. கல்லில் சுடும் வெல்ஷ் கேக்கைக் கண்டதும் எடுத்துவிட வேண்டாம், மரபான செய்முறையில் வெண்ணெயோடு பன்றிக் கொழுப்பும் சேரும். தேநீரில் இரவெல்லாம் ஊறிய உலர்பழங்களால் செய்யும் பாரா பிரித் ரொட்டியில் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்லை. அதன் மேல் உப்பு தூக்கலான வேல்ஸ் வெண்ணெயைத் தாராளமாகத் தடவ வேண்டும். இனிப்பும் உப்பும் சேர்வதில்தான் அதன் ருசி.

வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாக்கை மழுங்கச் செய்பவை கடைசியில் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி இல்லை. மட்டியும் இளம் சீஸும் முதலில், லேவர்பிரெட்டும் ஆட்டிறைச்சியும் நடுவில், நீலப்பூஞ்சைச் சீஸும் புகையூட்டியவையும் பிறகு, இனிப்பு அதன் பின். மது அருந்துவதானால், சீஸோடு ஆப்பிள் மதுவான வேல்ஸ் சைடரும் பேரிக்காய் மதுவும் பொருந்தும். பென்டெரின் விஸ்கியை எல்லாம் முடிந்தபின் எடுங்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2004 மார்ச் 1 அன்று விற்பனைக்கு வந்த முதல் வேல்ஸ் விஸ்கி அது. அதை முதலிலேயே குடித்துவிட்டு மட்டியைச் சுவைப்பதில் பயனில்லை.

வாங்கி வருவதில் நான் இரண்டையே சொல்வேன். ஒன்று, கால் கிலோ அளவில் ஒரே துண்டாக வெட்டிய கேர்ஃபில்லி. பிளாஸ்டிக்கில் சுற்றினால் தோல் வியர்த்துக் கசந்துவிடும். மெழுகுத்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மற்றொன்று, புதிதாகச் செய்த லேவர்பிரெட். அதைச் சில நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் சிறு உருண்டைகளாக உறைய வைக்கலாம். டின்னில் அடைத்ததும் கிடைக்கும், கெடாது, ஆனால் மாலையில் நீங்கள் சுவைத்த அந்த மணம் அதில் பாதிதான் இருக்கும்.